கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு யார் டீச்சர்? சிறப்பு ஆசிரியர் ஆவது எப்படி!

டீச்சர் வேலை என்றால் கரும்பலகை, சாக்பீஸ், நோட்டு திருத்துவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

அந்தக் கரும்பலகையே கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கு யார் பாடம் சொல்வது? டீச்சர் குரல் காதில் விழாத பிள்ளைக்கு யார் சொல்வது?

அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. பெயர்: பி.எட். சிறப்புக் கல்வி.

பட்டம் வாங்கியவர்கள் சேரலாம். 50 சதவீத மார்க் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. 2015 முதல் இது 2 ஆண்டுப் படிப்பு.

எங்கே படிப்பது?

கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே தனிப்புலம் வைத்திருக்கிறது. அதே கோவையில், பெண்களுக்கான அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை உண்டு.

சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது முட்டுக்காடு. பல வகைக் குறைபாடு ஒன்றாகச் சேர்ந்திருப்பவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-ல் அங்கே தொடங்கப்பட்டது. அங்கும் இந்தப் பயிற்சி உண்டு.

சேரும்போதே பிரிவைத் தேர்வு செய்ய வேண்டும். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவுகள் பல.

வலமிருந்து எழுத்து!

பார்வைப் பிரிவில் சேர்ந்தவருக்கு முதல் பாடம் பிரெயில். பி.ஏ. முடித்தவர் மறுபடியும் ஒண்ணாம் வகுப்பு பிள்ளை மாதிரி அ, ஆ படிக்க வேண்டும்!

ஆறே புள்ளிகள். அதை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் வரும். நம் தமிழ் எழுத்து 247-ம் இதற்குள் அடங்கி விடுகிறது. "கா" என்று எழுத க-வுக்கு ஒரு கட்டம், ஆ-வுக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான்.

சட்டத்தில் தாளை வைத்து, ஊசியால் குத்தி எழுதுகிறார்கள். எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளி மேடாக எழும். அப்போது இடமிருந்து வலமாக விரலால் படிக்கலாம்.

செவித்திறன் பிரிவில் வேறு பாடம். காலையில் பிள்ளை வந்ததும் காது கருவி வேலை செய்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசக் கூடாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு முதுகைக் காட்டினால் பாடம் போச்சு!

பொத்தான் போடுவதும் பாடம்

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே ஒரு பாடம். பொத்தானைப் பிடி, துளையில் நுழை, மறுபக்கம் இழு என்று படி படியாகப் பிரித்துக் கற்றுத் தருகிறார்கள். ஒரு படி பழகிய பிறகுதான் அடுத்த படி.

பஸ் நம்பர் படிப்பது, கடையில் 10 ரூபாய் கொடுத்து மிச்சம் வாங்குவது எல்லாமே பாடம்தான். ஒரு பிள்ளை கல்லாப்பெட்டி முன் நின்று சில்லறையை நிதானமாக எண்ணினால் அவசரப்படுத்த வேண்டாம். யாரோ ஒரு டீச்சர் மாதக்கணக்கில் பாடுபட்டிருப்பார்.

வகுப்புக்கு ஒரே பாடத்திட்டம் இங்கே கிடையாது. பிள்ளைக்குப் பிள்ளை தனித் திட்டம் எழுத வேண்டும். அதை எழுதுவதற்கும் பயிற்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் நேராகப் போய்ப் பாடம் நடத்திக் காட்டவும் வேண்டும்.

வேலை கிடைக்குமா?

"அதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள்.

தேவை நிறைய இருக்கிறது. 1995 சட்டத்தில் குறைபாடுகள் 7 வகை. 2016 சட்டத்தில் 21 வகை. குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கணக்குச் சொன்னது. பணியிடங்களை அறிவித்து ஆள் எடுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட்டது.

ஆனாலும் ஒப்பந்தச் சம்பளத்தில் பல ஆண்டு வேலை பார்ப்பவர்கள் நிறைய. நிரந்தரம் எப்போது என்பதுதான் அவர்கள் கேள்வி. இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

ஏமாறாதீர்கள்!

மருத்துவருக்குப் பதிவு எண் இருப்பது போல இவர்களுக்கும் உண்டு. கொடுப்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ல் வந்த சட்டப்படி இயங்குகிறது. பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

கவுன்சில் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. கட்டிய பணமும் போச்சு, 2 வருஷமும் போச்சு.

ஆகவே "ஆறே மாதத்தில் ஸ்பெஷல் டீச்சர் ஆகலாம்" என்று சுவரொட்டியைப் பார்த்ததும் ஓடாதீர்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, நீங்கள் சேரும் பிரிவுக்கு உண்டா, இந்த ஆண்டுக்கு உண்டா? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.