கல்லீரல் நோயில் வரும் தசைப்பிடிப்பு: சொல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

நள்ளிரவில் கெண்டைக்கால் சதை திடீரெனக் கல்லைப்போல் இறுகுவதும், கால்விரல்கள் மடங்கி நிற்பதும் கல்லீரல் சுருக்க நோய் உடையவர்களுக்குப் புதியன அல்ல. இந்நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய தசைப்பிடிப்பால் துன்புறுகின்றனர். ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று கூறி எண்ணெய் தேய்த்துவிடுவதே வீடுகளில் வழக்கம். மருத்துவரிடம் வயிற்று வீக்கத்தையும் மஞ்சள் காமாலையையும் பற்றிப் பேசுவோர், இரவில் கெடும் உறக்கத்தைப் பற்றிச் சொல்வதில்லை. அதனால் தணிக்கக்கூடிய வலியை வீணே தாங்க நேர்கிறது. மேலும், தாமாகச் செய்துகொள்ளும் வைத்தியம் சில வேளைகளில் வலியைவிடப் பெரிய கேட்டினை விளைவிக்கிறது.

ஏன் வருகிறது?

காரணம் ஒன்றன்று. கல்லீரல் சுருங்கும்போது உடலின் நீர் வயிற்றிலும் கால்களிலும் தேங்குகிறது. இரத்த ஓட்டத்துக்குப் பயன்படும் நீரோ குறைகிறது. தேங்கிய நீரை வெளியேற்றத் தரப்படும் நீர் மாத்திரைகள், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் அளவையும் மாற்றக்கூடும். நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலையும் ஏற்படுகிறது. கல்லீரலால் போதிய மாவுச்சத்தைச் சேமித்துவைக்க இயலாததால், இரவுப் பட்டினியில் உடல் தன் தசையையே கரைத்து ஆற்றல் பெறுகிறது. இவை யாவும் சேர்ந்தே தசையை இறுகச் செய்கின்றன.

பிடிப்பு வந்தவுடன்

கெண்டைக்காலில் பிடித்தால் முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். தாமாக இயலாதவர்களுக்குக் குடும்பத்தார் உதவலாம். இறுக்கம் தளர்ந்தபின் இளஞ்சூடான துணியால் ஒற்றடம் கொடுக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டை உதவுபவர் தம் கையில் சோதித்த பின்னரே வைக்க வேண்டும். அழுத்திப் பிசைய வேண்டாம். கல்லீரல் நோயில் இரத்தம் உறையும் தன்மை குறைந்திருப்பதால், தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கன்றிப்போகும். எழுந்து நடப்பதாயின் விளக்கைப் போட்டு, துணையுடன் நடப்பது நன்று.

செய்யக்கூடாதவை

• மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவை இந்நோயாளிகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம்; இரைப்பையில் இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம்.

• நீர் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வயிற்றில் மீண்டும் நீர் கோக்கும். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் முடிவு.

• ‘சத்துக் குறைவு’ என்று கருதி இளநீரை மிகுதியாகக் கொடுக்கக் கூடாது. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் நீர் மாத்திரை பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும். இளநீரிலும், சோடியம் குறைந்ததென விற்கப்படும் மாற்று உப்பிலும் பொட்டாசியம் மிகுதி. அது எல்லை மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

• தூக்க மாத்திரை கூடவே கூடாது. மூளை மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

ஊறுகாய் நீர் உதவுமா?

இது பலர் கேட்கும் கேள்வி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிடிப்பு தொடங்கியவுடன் ஊறுகாய் நீரை ஒரு மடக்கு பருகியவர்களுக்கு, குழாய் நீர் பருகியவர்களைவிட வலியின் கடுமை நன்கு குறைந்தது. அது வினிகரும் உப்பும் கலந்த நீரில் வெள்ளரிக்காய் ஊறும் சாறு. நம் வீட்டு எண்ணெய், மிளகாய் ஊறுகாய் அதற்கு ஈடாகாது. உப்பு மிகுந்த அதனைத் தின்றால் வயிற்று வீக்கம் கூடும். வினிகர் ஊறல் நீரானாலும் உப்புக் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும். பிடிப்பின்போது ஒரு மடக்கு என்பதே அளவு. நாள்தோறும் குடிக்கும் பானம் அன்று.

மருத்துவமனையில் என்ன செய்யலாம்?

முதலில் இரத்தத்தில் உப்புகளின் அளவும் சிறுநீரகச் செயற்பாடும் சோதிக்கப்படும். குறைபாடு இருந்தால் சரிசெய்யப்படும். நீர் மாத்திரையின் அளவும் மறுபரிசீலனைக்கு உள்ளாகும். அதன்பின்னும் தொல்லை நீடித்தால் டாரின், பாக்லோஃபன் முதலிய மருந்துகளில் உங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க இயலும். பாக்லோஃபன் மயக்கம் தரக்கூடியதாகையால், பிறருடைய மருந்துச்சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது.

தசையைக் காக்க, இரவுப் பட்டினியைச் சுருக்குங்கள். படுக்குமுன் இரண்டு மூன்று இட்லியோ, பாலுடன் ரொட்டித்துண்டுகளோ உண்ணலாம். நீரிழிவு உடையவர்கள் உணவு ஆலோசகரிடம் அளவைக் கேட்டறிக. படுக்குமுன் கெண்டைக்காலைச் சில நிமிடங்கள் நீட்டிப் பயிற்சி செய்வதும் நன்று.

எப்போது உடனே வர வேண்டும்?

பேச்சில் குழப்பம், பகலில் அளவுக்கு மீறிய தூக்கம், சிறுநீர் குறைதல், கருநிற மலம், எழ இயலாத தளர்ச்சி ஆகியவை தோன்றினால் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் தொடர்ந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் இரத்தக்கட்டாக இருக்கக்கூடும், அதையும் தாமதிக்கலாகாது.

ஏனையோர், பிடிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள், அன்று உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை வரும்போது, கேட்காவிட்டாலும் அதனை மருத்துவரிடம் நீட்டுங்கள். சிகிச்சையைத் தொடங்க அந்த ஒரு பக்கம் எங்களுக்குப் பெரிதும் துணைபுரியும்.