ஓடாத வண்டியும் ஓம் விதியும்

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

கவிதையும் சிறுகதையும் நிறைந்த இந்த மலரில் ஒயரும் பேட்டரியும் எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம் பாடம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினையும் இதில் இருக்கிறது.

ஒரு வண்டி அறவே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். சில நேரம் ஆகும், சில நேரம் ஆகாது என்பதுதான் பெரிய தலைவலி. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுவது போல, ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் வண்டி சமர்த்தாக 'செல்ஃப்' எடுக்கும். மெக்கானிக் என்ன செய்வார்? எதையாவது மாற்றிப் பார்ப்பார். புதிய கார் என்றால் ஸ்கேனர் மாட்டினால் கொஞ்சமாவது துப்பு கிடைக்கும். அம்பாசடருக்கு எங்கே மாட்டுவது? 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தியே நின்றுபோன வண்டி அது. அதற்கு மல்டிமீட்டரும் நம் மூளையும்தான் ஸ்கேனர்.

என் தாய்மாமா வைத்திருப்பது 1987 மாடல் பெட்ரோல் அம்பாசடர். மாப்பிள்ளை அழைப்புக்கு இன்றும் எங்கள் பக்கம் அந்த வண்டிக்குத்தான் கிராக்கி. போன தை மாதம் ஒரு ஊர்வலத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, மாப்பிள்ளை கும்பிட்டு வந்து உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாப்பிள்ளை கார் தள்ளினால்தான் நகரும் என்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? "அபசகுனம்" என்று ஒரு பாட்டி சொல்லியே விட்டார். அடுத்து இரண்டு முகூர்த்த புக்கிங் ரத்து. மாமா புது பேட்டரி போட்டார். பத்து நாளில் மறுபடியும் 'டிக்'. வேறு ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டினார். திரும்பவும் 'டிக்'. கடைசியில் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான் ஒருத்தன்தானே என்று, "மாப்ளே, நீ படிச்சது இதுக்கு ஆவுமாடா?" என்று என்னிடம் கேட்டார்.

ஸ்டார்ட்டர் சர்க்யூட் என்பது உண்மையில் இரண்டு சர்க்யூட். ஒன்று சின்னது. சாவி சுவிட்ச் வழியாக சோலனாய்டு காயிலுக்குப் போவது, சில ஆம்பியர்தான். சோலனாய்டு இழுத்து உள்ளே உள்ள தடித்த காண்டாக்ட் மூடியதும் பெரிய சர்க்யூட் வேலை செய்கிறது. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்கு 150 ஆம்பியர் போல ஓடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். திரும்பி வருகிற பாதையைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். மோட்டாரின் எர்த் இன்ஜின் பிளாக். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் பட்டை, அதாவது எர்த் ஸ்ட்ராப் உண்டு. போன 150 ஆம்பியரும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

மீட்டரை எடுக்கும் முன் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். காசில்லாத சோதனை. லைட் சுத்தமாக மங்கி அணைகிறதா? பேட்டரி டவுன், அல்லது பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. லைட் அப்படியே எரிகிறது, சத்தமும் இல்லையா? சின்ன சர்க்யூட்டில் கோளாறு. சாவி சுவிட்ச், சோலனாய்டுக்குப் போகிற மெல்லிய ஒயர், அதன் கிளிப், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். லைட் நன்றாகவே எரிகிறது, 'டிக்' மட்டும் வருகிறது என்றால் பெரிய சர்க்யூட்டில் எங்கோ தடை. மாமா வண்டி இந்த மூன்றாவது ரகம். லைட்டின் எர்த் நேராகப் பாடியில் இருப்பதால் இன்ஜின் பட்டை கெட்டாலும் லைட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இங்கே ஓம் விதி வருகிறது. முதலாமாண்டில் V=IR என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, அதுதான். ஒரு இணைப்பில் வெறும் 0.03 ஓம் தடை. 150 ஆம்பியர் ஓடினால் 0.03 × 150 = 4.5 வோல்ட் அங்கேயே போய்விடும். பன்னிரண்டு வோல்ட்டில் நாலரை போனால் மோட்டார் எப்படிச் சுற்றும்? இந்த 0.03 ஓமை மீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. 'பீப்' சத்தம் வந்துவிட்டது, ஒயர் நல்ல ஒயர் என்று சொல்வதெல்லாம் இந்த இடத்தில் செல்லாது. கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்க்க வேண்டும்.

முறை இதுதான். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். இக்னிஷன் காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சுற்றுமே தவிர ஓடாது. மீட்டர் டி.சி. வோல்ட்டில். (ஆம்பியரில் வைத்து ஸ்டார்ட்டர் கரண்டை அளக்கப் போனால் மீட்டர் காலி.) ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அதே போல பாசிட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டார் போல்ட் வரைக்கும் பார்க்கலாம், அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஆனால் கோளாறு இருக்கும் நேரத்தில்தானே அளக்க முடியும்? காலையில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆகவே நானும் மாமாவும் மேளமில்லாமல் ஒரு ஊர்வலம் போனோம். மத்தியான வெயிலில், முதல் கியரில், தேரடித் தெருவை முக்கால் மணி நேரம் சுற்றினோம். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஜினை நிறுத்தி மறுபடி திருப்பினோம். 'டிக்'!

பேட்டரி கம்பங்களில் 11.4 வோல்ட். பேட்டரி மேல் குற்றமில்லை. நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் 4.2 வோல்ட்! பாடிக்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் பார்த்தால் 0.1 தான். ஆக, இழப்பு முழுக்க பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில். அப்போதுதான் மாமா சொன்னார், "ஸ்டார்ட் ஆகாதப்ப சோக் கம்பி கூட சுடுதுடா, இன்ஜின் சூடுன்னு நினைச்சேன்." அது இன்ஜின் சூடு இல்லை. பட்டை வழி அடைபட்டதால் கரண்ட் சோக் கேபிள் வழியாகச் சந்து தேடிப் போயிருக்கிறது. இப்படிக் கேபிளே எரிந்துபோகிற வண்டிகளும் உண்டு.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, படுத்துப் பார்த்தால் பட்டையின் பாடிப் பக்க போல்ட் வெள்ளை பெயிண்ட்டுக்கு மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. எஃப்.சி.க்காகப் பெயிண்ட் அடித்தபோது பட்டையைக் கழற்றி, அடித்த பிறகு அப்படியே மாட்டிவிட்டார்கள். பெயிண்ட் அடித்தது மார்கழியில், கோளாறு தொடங்கியது தையில். "கடைசியா வண்டியில என்ன வேலை பார்த்தீங்க?" என்று யாரும் மாமாவைக் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்கு மீட்டர் கூட வேண்டாம்.

சூட்டில் மட்டும் ஏன் வந்தது? செம்பின் தடை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய இருபது சதவீதம் கூடும். மோட்டாரின் சுருளுக்கும் இது பொருந்தும். அது மட்டும் வண்டியை நிறுத்தாது. பெயிண்ட் மேல் வெறும் மரையை நம்பி நின்ற இணைப்பு, சூட்டில் விரிந்து அதிர்ந்து இன்னும் தளர்ந்ததும் இரண்டும் சேர்ந்துகொண்டன.

முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்றினோம். (எப்போதும் எர்த் பக்கம்தான் முதலில். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், பார்த்துக் கழற்றவும்.) போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரிய உப்புத்தாளால் தேய்த்து, நுனி பிய்ந்திருந்த பழைய பட்டைக்குப் பதில் புதுசு மாட்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அதே ஊர்வலம், அதே முக்கால் மணி நேரம். 0.15 வோல்ட். செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. பட்டைக்கும் வாஷருக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் கூட ஆகவில்லை.

வைகாசியில் வண்டி மூன்று மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்வந்தது. மாமா கழற்றிப் போட்ட பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரை நம் எலக்ட்ரிகல் லேபில் பெஞ்ச் மேல் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தோம். நன்றாகச் சுற்றுகிறது. இப்போது முதலாமாண்டு மாணவர்கள் பிரித்து மாட்டிப் பழகுவது அந்த மோட்டாரில்தான்.