அசையும் விளம்பரமும் வாசகர் உரிமையும்

தஞ்சாவூரிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கும் கடிதம் மிகச் சிறியது. அவர் நமது தலையங்கத்தை நாள்தோறும் கணினியில் வாசிப்பவர். சென்ற வாரம் அதன் வலப்புறத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஓயாமல் மின்னிக்கொண்டிருந்ததாம். ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்தும் பொருள் மனத்தில் பதியாமற் போகவே, திரையின் அந்தப் பகுதியை இடது கையால் மறைத்துக்கொண்டு படித்து முடித்தாராம். மறுநாள் அவருடைய பேரன் பிரவுஸரில் ஒரு சிறு கருவியைச் சேர்த்துக் கொடுத்தான், விளம்பரம் மறைந்துவிட்டது. “இது தங்கள் பத்திரிகைக்கு நான் இழைக்கும் துரோகமாகுமா?” என்று அவர் கேட்கிறார்.

இதற்கு விடை கூறுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். பத்திரிகை சந்தாவினால் மட்டும் நடப்பதன்று. நமது சிப்பந்திகளின் சம்பளத்தில் பெரும் பங்கு விளம்பரக்காரர் கொடுக்கும் பணம். ஆகவே, தனக்கு லாப நஷ்டமுள்ள வழக்கில் சாட்சிக் கூண்டேறி நிற்பவன் நிலையில் இருந்துகொண்டே நாம் இதை எழுதுகிறோம். நேயர்கள் அதை மனத்திற்கொண்டு நமது வாதத்தை எடை போடுவார்களாக.

ஆசிரியர் செய்தது துரோகமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

விளம்பரத்தின் மீது நமக்கு வெறுப்புக் கிடையாது. எந்தக் கடையில் எந்தச் சரக்கு என்ன விலைக்குக் கிடைக்குமென்று ஜனங்களுக்கு அறிவிப்பது நேர்மையான காரியமே. தாளில் அச்சிட்ட விளம்பரம் தன் இடத்தில் இருக்கும். வாசகர் கண் அதன்பால் செல்லும் வரையில் காத்திருக்கும். அசையும் விளம்பரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. மனிதனுடைய ஓரப்பார்வை எழுத்துகளைத் தெளிவாகக் காணும் வல்லமையற்றது. ஆனால் அசைவை உடனே உணர்ந்துவிடும். புதரில் ஏதோ சலனம் தோன்றினால் நாம் நினையாமலே தலை திரும்புகிறதல்லவா? அந்த இயல்பைப் பிடித்திழுப்பதற்கே இவ்விளம்பரம் செய்யப்படுகிறது. வாசகர் சம்மதம் அங்கே கேட்கப்படுவதே இல்லை. கடைவீதியில் கடை வைக்க எவருக்கும் உரிமையுண்டு. பிறர் வீட்டுத் திண்ணையில் ஏறி, படித்துக்கொண்டிருப்பவர் காதருகே தமுக்கடிக்கவும் உரிமையுண்டென்று எந்தச் சட்டமும் சொல்லாது.

இத்தொல்லை இணையத்தோடு கூடப் பிறந்ததன்று. 1994-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி அமெரிக்காவில் ‘ஹாட்வயர்ட்’ என்னும் தளத்தில் ஏடி அண்ட் டி கம்பெனியின் பட்டை விளம்பரம் வெளியாயிற்று. இவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்றாக அதையே சொல்வது வழக்கம். அகலம் 468 புள்ளி, உயரம் 60 புள்ளி. அது அசையாத படம். அசைவுக்குரிய விதையோ அதற்கு முன்பே இருந்தது. கம்ப்யூசர்வ் கம்பெனி 1987-ல் வெளியிட்ட ‘ஜிஃப்’ என்னும் படமுறை 1989-ல் திருத்தப்பட்டபோது, ஒரே கோப்பில் பல படங்களை அடுக்கி, இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வழி ஏற்பட்டது. 1995-96-ல் வந்த நெட்ஸ்கேப் நாவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு அவ்வரிசையை முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓட்டவும் இடங்கொடுத்தது. செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் அன்று தொடங்கின. பின்னர் ‘ஃப்ளாஷ்’ வந்தது. அசைவோடு ஓசையும் சேர்ந்துகொண்டது. அதன் உடைமையாளரான அடோபி கம்பெனி 2020 டிசம்பர் முடிவில் ஃப்ளாஷுக்கு விடை கொடுத்துவிட்டது. ஆனால் பிரவுஸர்களே வேறு கருவியின் உதவியின்றிப் படத்தை நகர்த்தவும் காட்சியை ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டபடியால், விளம்பரக்காரருக்கு அதனால் யாதொரு நஷ்டமும் உண்டாகவில்லை.

தடுக்கும் வழிகளும் கூடவே வளர்ந்தன. பயர்பாக்ஸின் உள் அமைப்புகளில் ஜிஃப் படங்கள் ஒருமுறை மட்டும் ஓடவேண்டுமென்றோ, ஓடவே கூடாதென்றோ விதிக்க இடமுண்டு. தானே ஓடத் தொடங்கும் காட்சிகளை நிறுத்திவைக்கவும் தனி அமைப்பு இருக்கிறது. அன்றியும், கணினியிலும் கைப்பேசியிலும் “அசைவைக் குறைக்கவும்” என்னும் பொருள்பட ஒரு விருப்பத்தைக் குறிக்கலாம். 2017 முதலாகப் பிரவுஸர்கள் ஒவ்வொன்றாக அவ்விருப்பத்தைத் தளங்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கின. ஆனால் அது விண்ணப்பமேயன்றி ஆணையன்று. தளத்தார் மனம் வைத்தால் இணங்குவர். விளம்பரக்காரரிடம் அவ்விணக்கத்தை எதிர்பார்ப்பது வீண்.

ஆகையால் ஜனங்கள் பெரிதும் நாடுவது விளம்பரத் தடுப்பானை. அது வேலை செய்யும் விதம் எளிதே. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, பிரவுஸர் அப்பக்கத்திலுள்ள குறிப்புகளைப் படித்து, படங்களையும் நிரல்களையும் பற்பல விலாசங்களிலிருந்து வரவழைக்கிறது. தடுப்பானிடம் விளம்பரம் வரும் விலாசங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அவற்றுக்குச் செல்லும் வேண்டுகோள்களை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. விளம்பரம் வந்த பின் மறைக்கப்படுவதினும் வராமலே நின்றுவிடுவது அதிகமாதலால், கண்ணுக்கு அமைதியும் பணங்கொடுத்து வாங்கிய டேட்டாவுக்கு மிச்சமும் ஏற்படுகின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்க சர்க்காரின் துப்பறியும் இலாகாவான எஃப்.பி.ஐ.யே, பிரபல கம்பெனிகளின் பெயரைப் பூண்டு வரும் மோசடி விளம்பரங்களுக்கு எதிராக, இத்தகைய தடுப்பானை உபயோகிக்கும்படி ஜனங்களுக்கு ஆலோசனை கூறியது. சட்டத்தைக் காப்போரே சிபாரிசு செய்யும் பொருளைக் களவுச் சாதனமென்று கூறுவது எங்ஙனம்?

இஃது அசௌகரியத்தோடு நிற்கும் விஷயமுமன்று. வேகமாக மின்னும் ஒளி, வலிப்பு நோயுள்ள சிலரை வீழ்த்திவிடக் கூடியது. எந்தப் பொருளும் ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னலாகாதென்பது, இணைய முறைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சங்கம் 2008-ல் வெளியிட்ட விதிகளில் ஒன்று. வேறு செய்தியோடு சேர்ந்து தானாகவே ஓடும் அசைவு 5 வினாடிக்கு மேல் நீடிக்குமாயின், அதை நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு வழி இருக்கவேண்டுமென்பது மற்றொன்று. இவற்றோடு கூகிள் கம்பெனி தன் விளம்பரக்காரருக்கு விதித்திருக்கும் அளவை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அசையும் படம் 30 வினாடிக்குள் நின்றுவிட வேண்டுமாம்! அரை நிமிஷத்தில் ஒருவர் நமது பத்தியில் பாதியைப் படித்துவிடலாம்.

நிற்க. எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். “கட்டுரையை இலவசமாகப் படிக்கிறார், அதற்குக் கூலியாகிய விளம்பரத்தைப் பார்க்க மறுக்கிறார். இது நியாயமா?” என்பர். இக்கேள்வி ஜெர்மனியில் நியாயஸ்தலம் ஏறியது. ‘பில்ட்’, ‘டி வெல்ட்’ முதலிய பத்திரிகைகளை நடத்தும் ஆக்ஸல் ஸ்ப்ரிங்கர் வாதி. ‘ஆட்பிளாக் பிளஸ்’ தடுப்பானை வெளியிடும் ஐயோ கம்பெனி பிரதிவாதி. தடுப்பானை வழங்குவது முறைகேடான போட்டி என்பது வாதியின் கட்சி. 2018 ஏப்ரல் 19-ந் தேதி ஜெர்மன் மத்திய உச்ச நியாயஸ்தலம் வழக்கைத் தள்ளிவிட்டது. தடுப்பானை உபயோகிப்பதா என்று தீர்மானிப்பவர் வாசகர். அது அவருடைய சுயேச்சையான முடிவு. பத்திரிகையாளரின் காப்பு எதையும் பிரதிவாதி உடைக்கவில்லை. தடுப்பானை விடமறுப்பவருக்குத் தம் தளத்தின் கதவை மூடிக்கொள்ளும் பரிகாரம் பத்திரிகையாளர் கையிலேயே இருக்கிறது. தீர்ப்பின் சாரம் இதுவே. ‘பில்ட்’ 2015 அக்டோபரிலேயே அப்படிக் கதவை மூடியும் இருந்தது. பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமைக்கு விரோதமென்று ஸ்ப்ரிங்கர் தொடுத்த மற்றொரு வழக்கை, மேலும் விசாரிக்கும்படி 2025 ஜூலை 31-ந் தேதி அதே நியாயஸ்தலம் ஹாம்பர்க் கோர்ட்டுக்குத் திருப்பியனுப்பியது. ஆகவே விவகாரம் முழுவதும் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லத் துணியோம். எனினும் 2018-ம் வருஷத் தீர்ப்பின் நியாயம் நமக்கு உடன்பாடே. என் கடைக்கு வருபவருக்கு நான் கதவைத் திறக்கலாம், அடைக்கலாம். அவர் கண்ணைத் திறந்து இன்னதைத்தான் பார்க்கவேண்டுமென்று கட்டளையிட எனக்கு அதிகாரமில்லை.

அந்தப் பிரதிவாதியும் பரிசுத்தர் அல்லர். 2011 முதல் அவர்கள் “ஏற்கத்தக்க விளம்பரங்கள்” என்று ஒரு வகையை ஏற்படுத்தி, அவற்றைத் தடுக்காமல் விடுகிறார்கள். அசையலாகாது, வாசிப்பைக் குறுக்கிடலாகாது என்னும் நிபந்தனைகள் நல்லவையே. ஆனால் பெரிய கம்பெனிகளிடம், இவ்வழியால் கூடுதலாகக் கிடைக்கும் வருமானத்தில் 30 சதவிகிதம் கட்டணமாகப் பெறுகிறார்கள். காவற்காரனே வாசலில் சுங்கமும் வசூலிப்பதில் நமக்குத் திருப்தியில்லை.

இதைவிடக் கவலைக்குரியது வேறு. உலகில் மிகுதியான பேர் உபயோகிக்கும் குரோம் பிரவுஸரை ஆக்குவது கூகிள். அக்கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. ரேமண்ட் ஹில் என்பவர் காசு வாங்காமல் ஜனங்களுக்கு அளித்துவரும் ‘யூபிளாக் ஆரிஜின்’ என்னும் தடுப்பான் பல வருஷங்களாகக் குரோமில் நன்கு நடந்து வந்தது. கூகிள் தன் விதிகளை மாற்றி, 2024, 2025-ம் வருஷங்களில் பழைய முறைக் கருவிகளைப் படிப்படியாக அகற்றிவிட்டது. முன்பு ஒவ்வொரு வேண்டுகோளையும் தடுப்பானே ஆராய்ந்து நிறுத்தலாம். இப்பொழுது அது தன் விதிப் பட்டியலை முன்கூட்டிப் பிரவுஸரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். நிறுத்துவது பிரவுஸரின் வேலை. பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. பத்திரத்துக்காகவும் வேகத்துக்காகவும் செய்ததென்று கூகிள் சொல்கிறது. அதில் உண்மை அறவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. புது விதிக்கேற்பச் சுருக்கிய தடுப்பான்கள் குரோமில் இன்றும் உண்டு. பயர்பாக்ஸிலோ பழைய முறையே நீடிக்கிறது. ஆயினும் விளம்பரம் விற்பவரிடமே, அதைத் தடுக்கும் கருவிக்கு எவ்வளவு பலம் இருக்கலாமென்று நிர்ணயிக்கும் அதிகாரமும் சேர்ந்திருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வாசகரின் உரிமையாயிருந்தது அங்கே கம்பெனியின் சலுகையாகச் சுருங்கி வருகிறது.

இனி நமது வீட்டுக் குற்றத்துக்கு வருவோம். அச்சுப் பதிப்பில் ஒரு விளம்பரமேனும் நமது மானேஜர் மேஜையைத் தாண்டாமல் வெளிவருவதில்லை. சந்தேகத்துக்குரிய மருந்து, சூதாட்டம் முதலியவற்றை நாம் பன்முறை திருப்பியனுப்பியிருக்கிறோம். ஆனால் இணையப் பதிப்பில் அந்தக் காவலைக் கைவிட்டோம். இடத்தை ஒரு தரகரிடம் ஒப்படைத்தோம். நேயர் ஒருவர் பக்கத்தைத் திறக்கும் அந்த ஒரு வினாடிக்குள், அவர் கண்முன் எந்த விளம்பரம் நிற்பதென்று எங்கோ ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. வென்றது எது என்பது நமக்கே தெரியாது. அந்த நகைக்கடை விளம்பரத்தை நாம் முதலில் அறிந்தது ஆசிரியரின் கடிதத்தால்தான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இது மதியீனம். ஒரு விளம்பரம் துள்ளிக் குதித்ததால் மனம் வெறுத்த வாசகர், அதை மட்டுமா தடுக்கிறார்? கருவி பொதுவாக எல்லாவற்றையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. பள்ளிக்கூடச் சேர்க்கை அறிவிப்பும், பதிப்பாளரின் புத்தக அறிவிப்பும், அடக்கமாக ஓரத்தில் நின்ற ஜவுளிக்கடை அறிவிப்பும் கூடப் போயின. அசைகிறவர் கொடுத்த உயர்ந்த கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அசையாதவர் கொடுத்த பணத்துக்கு நாம் துரோகம் செய்திருக்கிறோம். ஆசிரியர் தம் கேள்வியில் வைத்த சொல் நம்மைத்தான் சாரும்.

ஆதலால் வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து நமது இணையப் பக்கங்களில் அசையும் விளம்பரம், தானே ஓடும் காட்சி, எழுத்தின் மேல் வந்து கவிந்துகொள்ளும் பெட்டி ஆகிய எவையும் இடம்பெறா. தரகருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். அச்சுப் பதிப்பில் போலவே விளம்பரங்களை நமது காரியாலயமே நேரில் பெற்று, பார்வையிட்டு வெளியிடும். கட்டணத்தில் மாறுதல் இல்லை. இதைக் கேட்டு ஒரு பெரிய விளம்பரக்காரர் ஏற்கெனவே விலகிக்கொண்டார். இன்னும் சிலர் விலகக் கூடும். ஏதேனும் ஒன்று தப்பித்தவறி அசையக் கண்டால், தேதியையும் நேரத்தையும் குறித்து நேயர்கள் உடனே நமக்கு எழுத வேண்டுகிறோம். தஞ்சாவூர் ஆசிரியர் தம் பேரன் பொருத்திய கருவியை நமது பக்கத்துக்காக நீக்குவதும் நீக்காததும் அவர் இஷ்டம்; அவருக்கு நமது கதவு அடைபடாது.