சிட்சை என்றால் தண்டனையா?

"ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போறேன். காலையும் மாலையும் ஜெபம் பண்றேன். அப்படியும் எனக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்? ஆண்டவருக்கு என்மேல என்ன கோபம்?"

கணவருக்கு வேலை போன வீட்டில், குழந்தைக்குத் தீராத வியாதி வந்த வீட்டில், கிறிஸ்தவப் பெண்கள் இப்படிக் கேட்டு அழுவது உண்டு. ஆறுதல் சொல்ல வருகிறவர்களோ, "எல்லாம் கர்த்தருடைய சிட்சைம்மா, பொறுத்துக்கோ" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய மாதிரி இருக்கும்!

சிட்சை என்றால் என்ன? தண்டனை என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வேதத்தில் எபிரெயர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் சிட்சையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பைதேயா'. 'பைஸ்' என்றால் குழந்தை. பிள்ளையை வளர்த்து, பழக்கி, ஆளாக்குவதுதான் பைதேயா. நம் 'சிட்சை'யும் 'சிக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். வடக்கே இன்றைக்கும் கல்விக்கு அதுதான் பெயர். அதில் கண்டிப்பு உண்டு, பழிவாங்குதல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதப் படிக்கவில்லை என்றால் நாம் தலையிடுகிறோமா? நம் பிள்ளை என்பதால்தானே உட்கார்ந்து பாடுபடுகிறோம்! நிருபம் சொல்வதும் இதைத்தான்: சிட்சை, வேண்டாதவள் என்பதற்கு அடையாளம் அல்ல, மகள் என்பதற்கு அடையாளம்.

இதை வாழ்ந்து காட்டிய ஒரு பெண்மணி டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-ல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. எத்தனை கனவுகளோடு இருந்திருப்பார்! இனி நடக்க முடியாது என்று தெரிந்தபோது அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அங்கே எலும்பு அறுவை நிபுணராக இருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையில் பேர் பெற்றவர். கையில் செய்யும் அந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே! மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அதைச் செய்யத் தொடங்கினார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும், பிறகு நியூயார்க்குக்கும் போய், உடல் ஊனமுற்றவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுக்கொண்டு வேலூர் திரும்பினார். அங்கே அதற்கென்று தனித் துறையே உருவானது. 1966-ல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-ல் காலமானார். அந்த நிலையத்தில் இன்றும் நோயாளிகள் பயிற்சி பெறுகிறார்கள்.

அங்கே நடப்பது என்ன? கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பழக்குகிறார்கள். கை வலிக்கும், வியர்த்துக் கொட்டும், "இன்னைக்கு வேண்டாம், விட்டுடுங்க" என்று நோயாளி கெஞ்சுவார். "இன்னும் ஒரு தரம்" என்பார் பயிற்சி தருபவர். அது கோபமா? இல்லை, இவர் தேறுவார் என்ற நம்பிக்கை! சிட்சையைப் பற்றிச் சொன்ன அதே அதிகாரம், அடுத்தாற்போலத் தளர்ந்த கைகளையும் முழங்கால்களையும் திடப்படுத்தத்தான் சொல்கிறது. எந்தச் சிட்சையும் அந்த நேரத்தில் இனிக்காது, வருத்தமாகத்தான் இருக்கும் என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆகவே அழுவது அவிசுவாசம் ஆகாது.

வலியைப் பற்றி டாக்டர் பிராண்ட் கண்டறிந்ததும் நினைத்துப் பார்க்கத் தக்கது. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்வு மரத்துப்போவதால், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தாலும் சுடுவது தெரியாது. காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் கை சிதைகிறது. வலியும் ஒரு காவல்காரன் என்று இதைக் கண்டபின்தான் புரிகிறது.

ஆனால் சகோதரிகளே, ஓர் எச்சரிக்கை. வருகிற துன்பமெல்லாம் பாவத்தின் பலன் அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார். யோபுவிடம் குற்றம் தேடிய சிநேகிதர்களையும் கடவுள் கண்டித்தார். மேரி வர்கீஸின் விபத்தைக் கடவுள் கொடுத்த அடி என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்த இருட்டிலும் கடவுளின் கை அவரை விடவில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனின் கையைக் கர்த்தருடைய கை என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள்! அது சிட்சை அல்ல, கொடுமை. அதிலிருந்து பாதுகாக்கத்தான் 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெண்கள் உதவிக்கு 181 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

கஷ்டம் வரும்போது "ஏன்?" என்று கடவுளிடமே கேளுங்கள், சங்கீதக்காரர்களும் கேட்டார்கள். வைத்தியத்தையும் நிறுத்தாதீர்கள். பதில் வரும்வரை, இன்றைக்கு என்னால் முடிந்தது எது என்று பார்த்து, அந்த ஒன்றைச் செய்யுங்கள்.

கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரணம் சொல்லப் போகாதீர்கள். ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டு போங்கள், பிள்ளைகளை ஒருவேளை பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். கடவுள் கைவிடவில்லை என்பதை அந்தப் பெண் உங்கள் மூலமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதோ என்னவோ!