மைக்ரோவேவ் அடுப்பு பழுதா? வீட்டிலேயே எதைச் சரிசெய்யலாம்? எதைத் தொடவே கூடாது?

ஹைதராபாத்: ஹைதராபாத்தின் கோட்டி பகுதியில் உள்ள குஜராத்தி கல்லி, மின்னணு உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. பழுதான பொருளைத் தூக்கி எறிய மனமின்றி, உதிரிபாகம் வாங்கித் தாமே சரிசெய்ய விரும்புவோர் இத்தகைய சந்தைகளை நாடுவது வழக்கம். மின்விசிறி, மிக்ஸி போன்றவற்றில் இம்முயற்சி பெரும்பாலும் சிக்கலின்றி முடிந்துவிடும். ஆனால், மைக்ரோவேவ் அடுப்பு அந்த வரிசையில் சேராது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும், ஆபத்தான மின்னூட்டத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடிய சாதனம் அது.

அதேவேளையில், இவ்வகை அடுப்புகளில் அடிக்கடி ஏற்படும் கோளாறுகளில் பல, வெளிக்கூட்டைக் கழற்றாமலேயே சரிசெய்யத்தக்கவை. எந்தப் பழுதை நாமே பார்க்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது குறித்து இச்செய்தித் தொகுப்பில் காணலாம்.

உள்ளே நடப்பது என்ன?

வழக்கமான மைக்ரோவேவ் அடுப்பில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மர் சுமார் 2,000 வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. அதனைக் கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 வோல்ட் வரை கொண்டு செல்கின்றன. இந்த உயர் அழுத்த மின்சாரத்தில் இயங்கும் மேக்னட்ரான் என்னும் குழாய், 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட நுண்ணலைகளை உருவாக்குகிறது. உணவில் உள்ள நீர் மூலக்கூறுகள் அந்த அலைகளின் ஆற்றலை உள்வாங்குவதால் உணவு சூடாகிறது.

மேக்னட்ரான் சமையலுக்காக உருவானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளில் பயன்பட்ட குழாய் அது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், அதனைக் கொண்டு உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945ஆம் ஆண்டு காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆக, சமையலறை மேடையில் இருக்கும் இந்தப் பெட்டி, அடிப்படையில் ரேடாரின் வழித்தோன்றலே ஆகும்.

ஆபத்து எங்கே உள்ளது?

அடுப்பை அணைத்த பிறகு, கெப்பாசிட்டரில் எஞ்சியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்ற அதனுள் ஒரு மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். அது நல்ல நிலையில் இருந்தால், ஓரிரு நிமிடங்களில் மின்னூட்டம் வடிந்துவிடும். அது பழுதாகியிருந்தால், மின்னூட்டம் நெடுநேரம் அப்படியே இருக்கும். மின்தடை நல்ல நிலையில் உள்ளதா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது.

கூட்டைத் திறந்து வைத்தபடி அடுப்பை இயக்கிப் பார்ப்பது அதனினும் கொடியது. இயங்கிக்கொண்டிருக்கும் உயர் அழுத்தப் பகுதியைத் தொட்டால், உயிர் பிழைப்பது அரிது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பதற்காக வீட்டில் பொருத்தப்படும் ஆர்சிசிபி கருவியும் இங்கே கைகொடுக்காது. டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தச் சுற்று, வீட்டு மின்சுற்றிலிருந்து தனித்து இயங்குவதால், அங்கு நிகழும் கசிவு அக்கருவியின் கவனத்துக்கு வருவதில்லை. 'பாதுகாப்புக் கருவிதான் இருக்கிறதே' என்னும் நம்பிக்கை இங்கு பொருந்தாது.

நாமே சரிபார்க்கக்கூடியவை:

அடுப்பு இயங்கவே இல்லையெனில், முதலில் அதே பிளக் பாயிண்ட்டில் வேறொரு சாதனத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான பூட்டு வசதி இயக்கப்பட்டிருந்தாலும் பொத்தான்கள் வேலை செய்யாது. குறிப்பாக, கன்வெக்ஷன் வகை அடுப்புகள் 2,000 வாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுக்கக்கூடியவை என்பதால், முறையான எர்த் இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டையே பயன்படுத்த வேண்டும்.

கண்ணாடித் தட்டு சுழலவில்லை அல்லது தடதடவென ஒலிக்கிறது என்றால், பிளக்கை எடுத்துவிட்டுத் தட்டையும் அதன் கீழுள்ள சக்கர வளையத்தையும் கழற்றிக் கழுவலாம். ஒட்டிக்கிடக்கும் உணவுத் துணுக்குகளே பல நேரங்களில் காரணமாக இருக்கும். நடுவிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பான் தேய்ந்திருந்தால், அதே மாதிரிக்குரியதை வாங்கி மாற்றலாம்.

உள்ளே தீப்பொறி பறந்தால், பாத்திரத்தில் உலோகமோ பொன்னிற விளிம்போ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில், உட்புறப் பக்கச் சுவரில் இருக்கும் சாம்பல் நிற மைக்கா தகட்டைக் கவனிக்க வேண்டும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து கருகினால் தீப்பொறி எழும். பல மாதிரிகளில், பிளக்கை எடுத்துவிட்டு இந்தத் தகட்டை உட்புறத்திலிருந்தே கழற்றலாம். புதிய மைக்கா தகட்டைப் பழைய அளவுக்கே வெட்டிப் பொருத்தலாம். தகட்டின் பின்புறமுள்ள உலோகமும் கருகியிருந்தாலோ, உட்புறப் பூச்சு உரிந்திருந்தாலோ அடுப்பைப் பயன்படுத்தாமல் நிறுத்திவிட வேண்டும்.

வெப்பம் குறைந்துவிட்டதா?

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அடுப்புக்கு ஏற்ற பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீரை எடுத்து, அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழுத் திறனில் 2 நிமிடம் சூடாக்கி, நன்கு கலக்கிய பின் மீண்டும் அளக்க வேண்டும். எத்தனை டிகிரி செல்சியஸ் உயர்ந்ததோ, அதனை 35ஆல் பெருக்கினால் தோராயமான வெளியீட்டுத் திறன் வாட் அளவில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 23 டிகிரி உயர்ந்திருந்தால், அடுப்பு ஏறத்தாழ 800 வாட் திறனில் இயங்குகிறது என்று பொருள். வீட்டில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும் வேளையில் இந்த அளவு குறையும் என்பதால், வேறொரு நேரத்திலும் சோதிப்பது நல்லது. விளக்கு எரிந்து தட்டு சுழன்றும் தண்ணீர் சற்றும் சூடாகவில்லையெனில், கோளாறு பெரும்பாலும் உயர் அழுத்தப் பகுதியில் இருக்கக்கூடும். அங்கே நம் வேலை முடிந்துவிடுகிறது.

கதவில் சமரசம் கூடாது:

கதவு திறந்திருக்கையில் அடுப்பு இயங்காதபடி தடுக்க, தாழ்ப்பாள் பகுதியில் ஒன்றுக்கும் மேற்பட்ட சுவிட்சுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, மற்றொரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் வேண்டுமென்றே பியூஸை எரித்து அடுப்பை நிறுத்திவிடும். எனவே, பியூஸ் அடிக்கடி எரிவது கதவு சுவிட்ச் பழுதின் அறிகுறியாக இருக்கலாம். பெரிய பியூஸைப் போடுவதும், சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக ஒயர் இணைப்பதும் அந்தப் பாதுகாப்பையே அழித்துவிடும்.

சர்வதேசத் தர வரம்பின்படி, அடுப்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில் நுண்ணலைக் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவு வளைந்தோ, கீல் தளர்ந்தோ, கண்ணாடிக்குப் பின்னுள்ள உலோக வலை சேதமடைந்தோ இருந்தால் அடுப்பை இயக்கக் கூடாது.

பழுதுநீக்குநரிடம் கேட்க வேண்டியவை:

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பர் 24ஆம் தேதி தேசிய நுகர்வோர் தினத்தன்று, 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கி வைத்தது. பழுதுநீக்கம், உதிரிபாகங்கள், உத்தரவாதம் குறித்த நிறுவனங்களின் தகவல்களை ஒரே இடத்தில் நுகர்வோருக்கு வழங்குவதே அதன் நோக்கம். கூட்டைத் திறப்பதற்கு முன் உத்தரவாதம் முடிந்துவிட்டதா எனப் பார்ப்பதும், மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் பெறுவதும், மாற்றிய பழைய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்குவதும், ரசீது பெறுவதும் அவசியம். சேவையில் குறை இருப்பின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

சரிசெய்ய இயலாத அடுப்பைக் குப்பையில் போடவோ, செம்புக் கம்பிக்காக வீட்டில் பிரிக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களே அதனைக் கையாள வேண்டும். மொத்தத்தில், வெளிக்கூட்டின் திருகாணிகளே எல்லைக்கோடு. அவற்றைக் கழற்றாமல் செய்யக்கூடிய அனைத்தையும் வீட்டில் செய்து பார்க்கலாம். அவற்றைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால், பயிற்சி பெற்றவரை அழைப்பதே பாதுகாப்பானது.