வாக்களித்தவர்களைக் கேட்காமலே பறிபோன அரசியல் சட்டம்

அக்டோபர் 9 நெருங்குகிறது. தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த பிரிட்டிஷ் கயானாவின் அரசியல் சட்டத்தை 1953-ல் லண்டன் முடக்கிய நாள் அது. கடிதம் எழுதிய பல வாசகர்கள் இதை நம் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவோடு குழப்பிக்கொள்கிறார்கள். 356-ல் மாநில ஆட்சிதான் போகும், அரசியல் சட்டம் நிற்கும். நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். கயானாவில் அரசியல் சட்டமே போனது.

அது எப்படிச் சாத்தியமானது? அந்தச் சட்டத்தை மக்கள் இயற்றவில்லை. பிரிட்டிஷ் முடியின் ஆணையாக வந்தது. ஆணையாகத் தந்ததை இன்னொரு ஆணையால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டி வாக்கெடுப்பு தேவையில்லை. போர்க்கப்பல்களும் படையும் அக்டோபர் 8-ல் வந்தன. மறுநாள் அமைச்சர்களின் துறைகள் பறிக்கப்பட்டன. காரணம் சொல்லும் வெள்ளை அறிக்கை அக்டோபர் 20-ல்தான் வெளியானது. அதன் பிறகே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விவாதித்தது.

"கம்யூனிஸ்ட் ஆபத்து" என்றது பிரிட்டிஷ் அரசு. தலைநகர் ஜார்ஜ்டவுனைக் கொளுத்தச் சதி என்றும் சொன்னது. அந்தச் சதிக்காக யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கரும்புத் தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும், பெரும்பான்மைத் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் சங்கத்தை முதலாளி ஏற்க வேண்டும் என்ற மசோதாவும்தான். கீழவை அந்த மசோதாவை நிறைவேற்றிய மறுநாளே இந்த முடக்கம்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுக்கும் அதிகாரம் ஆளுநர் ஆல்ஃபிரட் சாவேஜிடம் ஏற்கெனவே இருந்தது. மேலவையிலும் அவர் நியமித்தவர்களே பெரும்பான்மை. ஒரு சட்டத்தைத் தடுக்க இவ்விரண்டும் போதும். ஆகவே தடுக்க நினைத்தது சட்டத்தை அல்ல, 24 இடங்களில் 18-ஐ வென்று 133 நாள் ஆண்ட மக்கள் முற்போக்குக் கட்சியை என்றே நான் கருதுகிறேன்.

மற்ற கேள்விகள்:

இந்தியாவுக்கு என்ன தொடர்பு? கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் சென்னை மாகாணத்தாரும் உண்டு. பதவி இழந்த அக்கட்சித் தலைவர்கள் செடி ஜகனும் பர்னாமும் இந்தியா வந்து நேருவைச் சந்தித்தார்கள்.

தலைவர்களின் கதி? சிலர் விசாரணையின்றிக் காவலில். ஜகன் நடமாட்டத் தடையை மீறியதற்காக 1954-ல் சிறையில்.

பிறகு யார் ஆண்டது? ஆளுநர் நியமித்தவர்கள்.

தேர்தல்? 1957-ல். 14 இடங்களில் 9-ஐ ஜகன் அணிக்கே மக்கள் கொடுத்தார்கள்.