அறுந்த பட்டம் எங்கே போகும்?

மயிலாப்பூரில் மாடவீதிக்கு அருகே ஒரு மொட்டை மாடி. ஜூன் மாதம், காலை எட்டு மணி. நீங்கள் விட்ட பட்டத்தின் நூல் அறுந்துவிடுகிறது. (சாதாரணப் பருத்தி நூல்தான், கழுத்தை அறுக்கும் மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம்.) பட்டம் எந்தப் பக்கம் போகும்? பெரும்பாலும் சாந்தோமைத் தாண்டிக் கடலை நோக்கிப் போய்விடும். அன்று மாலை நான்கு மணிக்கு அறுந்தால்? ராயப்பேட்டைப் பக்கமாக ஊருக்குள் போகும்.

இப்பொழுது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பட்டத்தின் நூல் முனையில் ஒரு மனிதன் கடலில் மிதக்கிறான். அவனைக் காற்று எங்கே கொண்டு போகும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தண்ணீரில் இறங்கக் கூடாத விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'கைட் சர்ஃபிங்'. பட்டச் சறுக்கு என்று நாம் அழைக்கலாம்.

பட்டம் இழுக்கும் பலகை

பட்டத்தால் வண்டி இழுக்கும் எண்ணம் பழையது. இங்கிலாந்தில் ஜார்ஜ் போகாக் என்ற ஆசிரியர் 1826-இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1903-இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பக்கூடிய, காற்றடைத்த பட்டத்திற்கு 1984-இல் பிரான்சு நாட்டு லெகென்யூ சகோதரர்கள் காப்புரிமை பெற்றனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது போட்டியாகவே நடந்தது. நம் நாட்டில் ராமேசுவரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் இதைக் கற்றுத் தருகிறார்கள்.

விளையாடுபவர் இடுப்பில் ஒரு பட்டை அணிந்திருப்பார். 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள நூல்கள் அதைப் பட்டத்துடன் இணைக்கும். கையில் ஒரு தடி. காலடியில் ஒரு பலகை.

பட்டத்தின் இழுவிசை எவ்வளவு? காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பட்டத்தின் பரப்பு ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ விடை கிடைக்கும். (பட்டத்தின் வடிவத்தைப் பொறுத்த எண்ணை 1 என்று வைத்துக்கொள்வோம்.) காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். பட்டத்தின் பரப்பு 12 சதுர மீட்டர். காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்றால் விசை ஏறத்தாழ 260 நியூட்டன். அதாவது 26 கிலோகிராம் எடை. வேகம் 12 மீட்டராக இரட்டித்தால் விசை 1,040 நியூட்டனாக நான்கு மடங்கு ஆகிவிடும். அதாவது 106 கிலோகிராம் எடை. 50 கிலோ எடையுள்ள மாணவனை அது எளிதில் தூக்கி எறிந்துவிடும்.

எனவே காற்றின் வேகத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் புதிதாகக் கற்பவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

முகமா, முதுகா, கன்னமா?

காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையைக் கொண்டே. போகும் திசையைக் கொண்டன்று. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வானொலியில் 'தென்மேற்குக் காற்று' என்று சொன்னால் அது தென்மேற்கிலிருந்து புறப்பட்டு வடகிழக்கு நோக்கிப் போகிறது என்று பொருள்.

மெரீனா கலங்கரை விளக்கத்தின் அருகே மணலில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடித்தால் அது கரை நோக்கி வரும் காற்று. முதுகில் அடித்தால் கடல் நோக்கிப் போகும் காற்று. கன்னத்தில் அடித்தால் கரையோரமாக வீசும் காற்று. கருவி எதுவும் தேவையில்லை.

இவற்றுள் புதியவருக்கு ஏற்றது எது? கன்னத்திலும் முகத்திலும் சேர்ந்து சாய்வாகப் படும் காற்றுதான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் வரும் காற்றை இரு கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். கரையோரமாக 7 மீட்டர். கரையை நோக்கி 7 மீட்டர். முதல் கூறு அவரைக் கரையோரமாக ஓட்டிச் செல்லும். இரண்டாவது கூறு, அவர் தவறி விழுந்தாலும் கரை சேர்க்கும். நேராக முகத்தில் அடிக்கும் காற்று அவரைக் கரையிலுள்ள பாறை மீதோ படகு மீதோ மோதிவிடக்கூடும்.

முதுகில் அடிக்கும் காற்றுதான் எல்லாவற்றினும் கொடியது. தேர்ந்தவர்கள் பலகையின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்திக் காற்றுக்குச் சற்று எதிராகவும் செல்வார்கள். புதியவருக்கு அது கைவராது. காற்று போகுமிடமே அவர் போகுமிடம். நொடிக்கு அரை மீட்டர் வீதம் இழுபட்டாலும் ஒரு மணி நேரத்தில் 1,800 மீட்டர் ஆழ்கடல் பக்கம் போயிருப்பார்!

இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. காற்று நீர்ப்பரப்பின் மீது நெடுந்தூரம் ஓடினால்தான் பெரிய அலைகளை எழுப்ப முடியும். நிலத்திலிருந்து இப்பொழுதுதான் கடலில் இறங்கிய காற்றுக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை. ஆகவே கரையோரக் கடல் வழக்கத்தைவிட அமைதியாகத் தெரியும். கட்டடங்கள் மறைப்பதால் காற்றும் மெல்லியதாகத் தோன்றும். உள்ளே போகப் போகத்தான் அதன் முழு வேகம் புலப்படும். அமைதியான கடலைக் கண்டு இறங்குபவர் திரும்பி வர முடியாத இடத்தில் இறங்குகிறார்.

காலையும் மாலையும் மாறுவது ஏன்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து சென்னைக்கு மேற்குக் காற்றாக வந்து சேருகிறது. காலையில் பட்டம் கடலுக்குப் போவது இதனால்தான். வெயில் ஏற ஏற நிலம் விரைவில் சூடாகிறது. தண்ணீரின் தன்வெப்பம் மிகுதியாதலால் கடல் மெதுவாகவே சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்குக் காற்றை எதிர்த்து இது நுழைய நண்பகலும் ஆகலாம்; பிற்பகல் இரண்டு, மூன்று மணியும் ஆகலாம். தாமதமாகும் நாட்களில்தான் சென்னை 40 பாகை செல்சியஸைத் தாண்டித் தகிக்கிறது.

நம் மீனவர்கள் இதனை நன்கு அறிவார்கள். விடியுமுன் நிலக்காற்றில் பாய்விரித்துக் கட்டுமரத்தில் கடலுக்குள் சென்று, கடற்காற்றில் கரை திரும்பினார்கள். போகும் காற்றை மட்டுமன்றித் திரும்பும் காற்றையும் கணக்கிட்டே புறப்பட்டார்கள்.

சென்னையில் ஒரே கரையில் வேளைக்கு வேளை காற்று மாறுகிறது. தனுஷ்கோடியிலோ ஒரே காற்று இரு கரைகளில் இருவிதமாகிறது. அந்தக் குறுகிய மணல்திட்டின் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கரையில் காற்று முகத்தில் அடிக்கும். வடகரையில் முதுகில் அடிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் இது தலைகீழாகும். நடந்தே கடக்கக்கூடிய மணலின் ஒரு பக்கம் காற்று கரை சேர்க்கும். மறுபக்கம் கடலுக்குள் இழுக்கும்!

இறங்குமுன் நினைவில் கொள்க

தகுந்த ஆசிரியரும் மீட்புப் படகும் இல்லாத இடத்தில் இவ்விளையாட்டைத் தொடங்கக் கூடாது. முதலில் சிறிய பட்டத்தை மணலில் நின்று ஆளப் பழக வேண்டும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் கட்டாயம். காற்று போகும் பக்கத்தில் குறைந்தது இரண்டு நூல் நீளத்திற்கு ஆளோ, சவுக்கு மரமோ, மின்கம்பியோ இருக்கக் கூடாது. நூலை ஒருபோதும் விரலில் சுற்றக் கூடாது.

பட்டம் கட்டுமீறினால் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் தடியைக் கைவிட வேண்டும். இழுவிசையின் பெரும்பகுதி குறைந்துவிடும். போதாவிட்டால் இடுப்பிலுள்ள அவசர விடுவிப்பானைத் தள்ள வேண்டும். பட்டம் ஒற்றை நூலில் துவண்டு விழும். அதுவும் போதாவிட்டால் அந்த ஒற்றை நூலையும் விட்டுவிட வேண்டும். பட்டம் போனால் போகட்டும், உயிர் பெரிது. இந்த வரிசை கை தானாகச் செய்யும்வரை கரையிலேயே பழகவேண்டும்.

மேற்கே கருமேகம் திரண்டால் உடனே கரையேற வேண்டும். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று, கடற்காற்றைப் புரட்டிச் சில நிமிடங்களில் பலத்த மேற்குக் காற்றாக மாற்றிவிடும்.

உங்களுள் பலர் பட்டச் சறுக்கு ஆடப் போவதில்லை. ஆனால் பட்டினப்பாக்கம் மணலில் பந்து விளையாடுவீர்கள். பந்து கடலில் விழுந்து, காற்று உங்கள் முதுகில் அடித்தால், அந்தப் பந்து நீந்துபவரைவிட வேகமாகப் போகும். அதன் பின்னே ஓடாதீர்கள். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் ஏறி மிதப்பதற்கும் இதே விதிதான்.

ஒரு பயிற்சி தருகிறேன். ஒரு மாதம், தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மொட்டை மாடியில் ஒரு துணிநாடாவைக் கட்டிக் காற்றின் திசையைக் குறித்து வாருங்கள். மாத முடிவில் உங்கள் ஏட்டைப் புரட்டினால், அறுந்த பட்டம் எந்த வேளையில் எங்கே போகும் என்று நூல் அறுவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.